கல்லில் இருக்கும் பெயர்கள்

விழாத் தலைவர் அவர்களே, வரவேற்புரை ஆற்றிய கல்லூரி முதல்வர் அவர்களே, முன்வரிசையில் வீற்றிருக்கும் ஊராட்சி மன்றத் தலைவர் அவர்களே, அறங்காவலர் குழுப் பெரியோர்களே, சுவாமிமலையிலிருந்து வந்திருக்கும் ஸ்தபதியார்களே, குடமுழுக்கு வேலைகளுக்கு நடுவிலும் வருகை தந்த செயல் அலுவலர் அவர்களே, தாய்மார்களே, மாணவச் செல்வங்களே, வணக்கம்.

'கனிமமும் மனிதரும்' என்பது தலைப்பு. மணல், கல், செம்பு என்று மூன்றாகப் பிரித்துப் பேசுகிறேன்.

முதலில் மணல். கொள்ளிடத்து மணலில் ஒரு பிடியை நன்றாகக் காயவைத்து வெள்ளைத் தட்டில் பரப்புங்கள். கண்ணாடியாகத் தெரிவது குவார்ட்ஸ் என்னும் கனிமம். பால் நிறத்திலும் இளஞ்சிவப்பிலும் மங்கித் தெரிவது ஃபெல்ட்ஸ்பார். மினுக்குவது காக்காப்பொன், அதாவது மைக்கா. காந்தத்தைக் காகிதத்தில் சுற்றி மேலே ஓட்டினால் ஏறும் கறுப்புத் தூள் மாக்னடைட் என்னும் இரும்புக் கனிமம். காகிதம் இல்லாவிட்டால் தூளைக் காந்தத்திலிருந்து பிரிப்பது கடினம். மணல் ஈரமாக இருந்தால் எல்லாமே சேர்ந்து ஒட்டும். அத்தனையும் மேற்கே மலைப்பாறை தேய்ந்து வந்தவை. எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்றார்கள். ஆறு ஊர்ந்தால் கேட்க வேண்டுமா?

அடுத்து கல். நம் டெல்டா வண்டல் பூமி, பாறை கிடையாது. 1010-இல் நிறைவுற்ற தஞ்சைப் பெரிய கோயிலின் கருங்கல் முழுவதும் வெளியிலிருந்து வந்தது. 1812-இல் கனிமவியலாளர் ஃப்ரெட்ரிக் மோஸ் வகுத்த கடினத்தன்மை அளவில், எண் கூடக் கூடக் கடினம்: நகம் 2.5, பேனாக்கத்தி 5.5, ஃபெல்ட்ஸ்பார் 6, குவார்ட்ஸ் 7. கருங்கல்லில் பெரும்பாலும் இருப்பவை இந்த ஃபெல்ட்ஸ்பாரும் குவார்ட்ஸும்தான். இந்தக் கல்லில்தான் உளி மழுங்க மழுங்க உலையில் காய்ச்சித் தட்டி எழுத்து வெட்டினார்கள்.

யாரை எழுதினார்கள்? அரசரை மட்டுமா? நானூறு ஆடல் மகளிரை எழுதினார்கள்! வெறும் எண்ணிக்கை அல்ல, தாய்மார்களே: எந்தத் தளிச்சேரி என்னும் கோயில் குடியிருப்பு, அதில் வடசிறகா தென்சிறகா, அதாவது வடக்கு வரிசையா தெற்கு வரிசையா, எத்தனையாவது வீடு, எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவர், பெயர் என்ன என்று ஒவ்வொருவருக்கும் முகவரி. இன்றைக்குத் தபால்காரர் போனாலும் வீட்டைக் கண்டுபிடித்துவிடலாம். பங்கு ஒன்றுக்கு ஆண்டுக்கு நூறு கலம் நெல். அளக்கும் மரக்காலுக்கும் பெயர் உண்டு, ஆடவல்லான். நட்டுவர், பாணர், துணி வெளுக்கும் ஈரங்கொல்லி, முடிதிருத்தும் நாவிசர், தையற்காரர், வெண்கல வேலை செய்யும் கன்னார், எல்லோரும் வரிசையில் நிற்கிறார்கள். தலைமைத் தச்சர் குஞ்சரமல்லனான ராசராசப் பெருந்தச்சனும் கோயில் கல்வெட்டில் இருக்கிறார். ஒருவர் இறந்தாலோ ஊரைவிட்டுப் போனாலோ அந்தப் பங்கு அவருக்கு அடுத்த உறவினருக்கு. அவருக்குத் தகுதி இல்லையென்றால் தகுந்த ஒருவரை அவரே நிறுத்த வேண்டும். ஆயிரம் ஆண்டுக்கு முந்திய பணி விதி, ஐயா!

அந்த எழுத்தின் ஆழம் மிகக் குறைவு. எறும்பு ஊரவே தேயும் கல்லில், திருப்பணியின்போது சுத்தம் செய்கிறோம் என்று இயந்திரத்தால் மணலைப் பீய்ச்சியடித்தால் என்னவாகும்? மணலில் இருப்பது குவார்ட்ஸ். அது தன்னைவிட மென்மையான ஃபெல்ட்ஸ்பாரைச் சுரண்டும், காக்காப்பொன்னைப் பெயர்த்தெடுக்கும், எழுத்தின் விளிம்பை உருட்டும். கல் அன்றைக்குப் புதிதாகப் பளிச்சிடும். பிறகு அந்தச் சொரசொரப்பில் முன்னைவிட அதிகமாக எண்ணெயும் தூசியும் ஈரமும் தங்கும். குழாயைப் பிடித்து நிற்கும் தொழிலாளியின் நுரையீரலில் சிலிக்கா தூசி இறங்குகிறது. அதனால் சிலிக்கோசிஸ் என்னும் நுரையீரல் நோய் வந்தால் குணப்படுத்த மருந்து இல்லை. துண்டை முகத்தில் கட்டினால் அந்தத் தூசி நிற்காது.

வேறு வழி இருக்கிறது. முதலில் மென்மையான நைலான் தூரிகையால் தூசி தட்டி, நல்ல தண்ணீரில் ஊறவிட்டுக் கழுவுங்கள். எண்ணெய்ப் பிசுக்குக்கு முல்தானி மட்டியை நீரில் குழைத்து அரை அங்குலம் அப்பி, பாலிதீன் தாளால் ஒருநாள் மூடி, பிறகு திறந்து காயவிட்டால் பிசுக்கில் ஒரு பகுதியை இழுத்துக்கொண்டு பெயர்ந்து வரும். ஒருமுறையில் போகாது, திரும்பச் செய்ய வேண்டும். சுண்ணாம்புப் பூச்சை மூங்கில் சிம்பால் எடுங்கள். ஆசிட் வேண்டவே வேண்டாம். காக்காப்பொன்னிலுள்ள இரும்பைக் கிளப்பிக் கல்லில் மஞ்சள் கறை விடும். எதையும் எழுத்தில்லாத மூலையில் கையகல இடத்தில் சோதித்துப் பாருங்கள்.

செம்பைப் பற்றிச் சொல்ல நேரம் இல்லை. ஸ்தபதியார்கள் பொறுத்தருள வேண்டும்.

அறங்காவலர்களிடமும் செயல் அலுவலரிடமும் இரண்டு விண்ணப்பங்கள். திருப்பணி ஒப்பந்தத்தில் 'மணல் வீச்சு கூடாது' என்று ஒரு வரி சேருங்கள். சாரம் கட்டுவதற்கு முன்பே கல்வெட்டுகளை மைப்படி எடுத்துவிடுங்கள். ஈரத் தாளை ஒட்டித் தூரிகையால் தட்டி, அரைகுறையாகக் காய்ந்ததும் மை ஒற்ற வேண்டும். முழுக்கக் காய்ந்தால் தாள் உரிந்துவிடும், ஈரம் மிஞ்சினால் மை எழுத்துக்குள் பரவும். இந்தக் கல்லூரி மாணவர்கள் செய்யத் தயாராக இருக்கிறார்கள். அனுமதிக் கடிதம் மட்டும் கொடுங்கள்.

நன்றி, வணக்கம்.