“ஓ, டிரைவரா?” என்று கேட்பவர்களுக்கு என்ன சொல்வது – பூம்பாறை தங்கச்சியின் கேள்விக்கு விளக்கம்

வணக்கம். இன்றைக்கு ஒரே ஒரு கேள்விதான் எடுக்கப் போகிறேன், இதற்கே நேரம் போய்விடும் என்று தெரியும். கொடைக்கானலுக்கு மேலே பூம்பாறையிலிருந்து ஒரு தங்கச்சி அனுப்பியிருக்கிறார். அப்படியே படிக்கிறேன். “அக்கா, எங்கள் வீட்டுக்காரர் ஆர்மியில் டிரைவர், இப்போது லே பக்கம் போஸ்டிங். ஊரில் ஆர்மி என்று சொன்னதும் கண்ணை விரிக்கிறார்கள், டிரைவர் என்றதும் ‘ஓ, சண்டை போடுகிற வேலை இல்லையா’ என்கிறார்கள். டிவியில் போர் போர் என்று கத்த ஆரம்பித்தால் எனக்குச் சோறு இறங்குவதில்லை. போரைப் பற்றி நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்? சண்டை போடாதவர்களையும் வீரர் என்று சொல்லலாமா?”

சொல்லலாமா என்றா கேட்கிறீர்கள்! தங்கச்சி, என் வீட்டுக்காரரும் டிரைவர்தான். ஏ.எஸ்.சி.யில், அதாவது ராணுவத்துக்குச் சாமான் கொண்டுபோகிற பிரிவில், லாரி ஓட்டியவர். 1999-ல் கார்கில் சண்டை நடந்தபோது ஸ்ரீநகரிலிருந்து லே போகிற ரோட்டில் இருந்தார். கார்கிலில் இருந்தார் என்றதும் இன்றைக்கும் ஆளுக்கு ஆள் கேட்பது “எத்தனை பேரைச் சுட்டார்?” என்றுதான். யாரையும் சுடவில்லை. சுட்டவர்களுக்குக் குண்டு கொண்டுபோய்க் கொடுத்தார், சோறு கொண்டுபோய்க் கொடுத்தார், மண்ணெண்ணெய் கொண்டுபோனார், திரும்பி வரும்போது அடிபட்டவர்களை ஏற்றிக்கொண்டு வந்தார். சில தடவை இறந்துபோனவர்களையும், அதாவது இனிமேல் அடியே படாதவர்களையும்.

அந்தச் சண்டையில் நம் பக்கம் போட்ட பீரங்கிக் குண்டு, மார்ட்டர், ராக்கெட் எல்லாம் சேர்த்துச் சுமார் 2,50,000 என்று கணக்கு சொல்வார்கள். போபர்ஸ் பீரங்கியின் ஒரு குண்டே 40 கிலோவுக்கு மேல். இதெல்லாம் கார்கில் பக்கத்துத் திராஸில் தானாக முளைத்ததா? ஒவ்வொன்றையும் யாரோ சோஜிலா கணவாய் வழியாக, 11,500 அடிக்கு மேலே, லாரியில் ஏற்றிக் கொண்டுபோனார்கள். டோலோலிங் மலை எதிரி கையில் இருந்தவரைக்கும் அங்கிருந்து கீழே ரோடு அப்படியே தெரியும், வண்டி நகர்ந்தால் ஷெல் வரும். அதனால் ராத்திரியில் போவார்கள், ஹெட்லைட் போடாமல். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் கதவைத் திறந்து ஃபுட்போர்டில் நின்றுகொண்டு ரோட்டோரம் எங்கே முடிகிறது என்று பார்த்துச் சொல்லிக்கொண்டே வர வேண்டுமாம். “வலது பக்கம் கொஞ்சம், போதும், போதும், நேரே.” நம் குன்னூர் ரோட்டில் பர்லியாறு கொண்டை ஊசி வளைவில் பகலில், லைட்டோடு, ஹாரனோடு போகும்போதே பஸ்ஸில் பாதிப் பேர் கண்ணை மூடிக்கொள்கிறோம்.

இதை எல்லாம் அவர் சொல்லி நான் தெரிந்துகொண்டது பல வருஷம் கழித்து. அப்போது வந்த கடிதத்தில் ஒன்றும் இருக்காது. 56 ஏ.பி.ஓ. என்று ராணுவத் தபால் முத்திரை போட்ட இன்லேண்ட் கவர், உள்ளே நாலு வரி. நலம், நலமறிய ஆவல், இங்கே குளிர் அதிகம், பாப்பாவுக்குத் தடுப்பூசி போட்டாயா, அம்மாவுக்கு மாத்திரை வாங்கிக் கொடு. அவ்வளவுதான். சண்டை எப்படி நடக்கிறது என்று நான் ரேடியோவில் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

அப்போது நான் குன்னூரில் வெலிங்டன் பக்கம் லைன் வீட்டில் குடியிருந்தேன். வீட்டில் போன் கிடையாது. பழைய ஆட்களுக்குத் தெரியும், பி.பி. நம்பர் என்று ஒன்று கொடுப்போம், பக்கத்து மளிகைக் கடை நம்பர். ஏதாவது சேதி என்றால் அங்கேதான் வரும், நல்லதோ கெட்டதோ. போன் வந்ததும் கடைக்காரர் ஒரு பையனை அனுப்புவார். அந்தப் பையன் ஓடி வருவதைப் பார்த்தாலே கை கால் ஆடிப்போய்விடும், ஏனென்றால் அவன் வாயைத் திறக்கிற வரைக்கும் என்ன சேதி என்று தெரியாதே. இதை அந்தக் கடைக்கார அண்ணாச்சி எப்படியோ கவனித்திருக்கிறார். அவரே பையனிடம் சொல்லி வைத்திருந்தார், படியேறி வந்து கூப்பிடாதே, கீழே தண்ணிக் குழாயிடமிருந்தே சத்தம் போட்டுச் சொல்லு என்று. அதனால் அந்தப் பையன் நாலு வீட்டுக்கு அப்பாலிருந்தே “அக்கா, அண்ணன்தான் பேசுறாரு, அண்ணன்தான் பேசுறாரு” என்று கத்திக்கொண்டே வருவான். முதலில் அந்தச் சேதி, அப்புறம்தான் போன். வேறு யாராவது பேசினால் அவரே கடையை விட்டுவிட்டு வந்து நிற்பார் என்று எனக்கே பிற்பாடுதான் தெரிந்தது. அவர் ஒரு நாள்கூட வரவில்லை, கடவுள் புண்ணியம். வேறு ஒரு வீட்டுக்கு வந்திருக்கிறார். யாரும் பாடிப் புகழாத வீரர்கள் யார் யார் என்று கேட்டால் என் பட்டியலில் அந்த அண்ணாச்சி உண்டு, துப்பாக்கியைத் தொட்டே பார்க்காத மனுஷன்.

சரி, பட்டியல் என்று ஆரம்பித்தாகிவிட்டது. கார்கிலில் எதிரி மேலே ஏறி உட்கார்ந்திருக்கிறான் என்று 1999 மே மாதம் முதலில் பார்த்துச் சொன்னவர் பட்டாளத்துக்காரர் இல்லை, தாஷி நம்க்யால் என்ற ஆடு மேய்க்கிறவர், கார்கோன் கிராமம். காணாமல் போன யாக் மாட்டைத் தேடிப் போனபோது பார்த்தார். அப்புறம் லடாக்கில் இருக்கிற சியாச்சின் பனிமலை. 2016 பிப்ரவரி 3, சோனம் போஸ்ட், 19,600 அடி, பனி சரிந்து பத்துப் பேர் உள்ளே போய்விட்டார்கள். அதில் பெரும்பாலும் 19 மெட்ராஸ் பட்டாலியன், நம் வெலிங்டனைத் தாய்வீடாகக் கொண்ட ரெஜிமென்ட், தமிழ்நாட்டுப் பிள்ளைகள் மட்டும் நாலு பேர். ஆறு நாள் கழித்து ஹனுமந்தப்பா என்ற வீரரை மட்டும் உயிரோடு எடுத்தார்கள், அவரும் 11-ம் தேதி டில்லியில் போய்விட்டார். அந்தப் பத்துப் பேரில் ஒருவர் நர்சிங் அசிஸ்டன்ட். ஒரு தோட்டாகூட வெடிக்கவில்லை அங்கே. இதில் யார் சண்டை போட்டவர், யார் போடாதவர் என்று எப்படிப் பிரிப்பீர்கள்?

நம் ஊரிலேயே நடந்ததைச் சொல்கிறேன். 2021 டிசம்பர் 8, குன்னூர் காட்டேரி என்ற ஊருக்குப் பக்கத்தில் நஞ்சப்பசத்திரத்தில் ஹெலிகாப்டர் விழுந்தது. முப்படைத் தலைமைத் தளபதி ஜெனரல் பிபின் ராவத், அவர் மனைவி மதுலிகா, இன்னும் பன்னிரண்டு பேர். பதின்மூன்று பேர் அன்றைக்கே போய்விட்டார்கள், குரூப் கேப்டன் வருண் சிங் ஒரு வாரம் போராடிப் பார்த்தார். பட்டப்பகல், ஆனால் மூடுபனி. முதலில் ஓடியது யார்? அங்கே குடியிருக்கிற கூலி வேலை செய்கிற சனங்கள். குடத்தில் தண்ணீர் எடுத்துக்கொண்டு ஓடினார்கள், வீட்டிலிருந்த போர்வையை உருவிக்கொண்டு ஓடினார்கள், அதில்தான் ஆட்களைத் தூக்கினார்கள். பிறகு ராணுவம் அந்தக் கிராமத்துக்கு நன்றி சொல்லி ஒரு வருஷத்துக்குத் தத்தெடுத்தது, அது நல்ல காரியம். மதுலிகா அம்மா ராணுவ வீரர்களின் மனைவிகளுக்கான நலச் சங்கத்துக்குத் தலைவியாக இருந்தவர். அன்றைய சேதியில் அவர் பெயர் “மற்றும் அவரது மனைவி” என்று ஓடியதைப் பார்த்திருப்பீர்கள். 1971 போரில் ராணுவத் தளபதியாக இருந்த பீல்ட் மார்ஷல் மானெக்ஷா குன்னூரில்தான் கடைசி வரை இருந்தார், ஊட்டியில் அடக்கம் செய்திருக்கிறார்கள் என்று எல்லாருக்கும் தெரியும். பக்கத்திலேயே அவர் மனைவி சீலூ அம்மாவின் கல்லறை இருப்பது எத்தனை பேருக்குத் தெரியும்? பீல்ட் மார்ஷல் வீட்டுக்கே அப்படி, லாரி டிரைவர் வீட்டுக்கு எப்படி இருக்கும், நீங்களே பாருங்கள்.

இன்னொன்று சொன்னால் சிலருக்குப் பிடிக்காது, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். 1987-லிருந்து 1990 வரை இலங்கைக்குப் போன இந்திய அமைதிப் படை. சுமார் 1,200 பேர் திரும்பி வரவில்லை. 1990 மார்ச்சில் கடைசியாகச் சென்னைத் துறைமுகத்துக்கு வந்து இறங்கியவர்களை வரவேற்க அன்றைய முதலமைச்சர் போகவில்லை. என் அம்மா வழிச் சொந்தமெல்லாம் 1964 சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தத்தில் இலங்கைத் தோட்டத்தை விட்டுக் கோத்தகிரிக்கு வந்தவர்கள். அந்தப் படையால் அங்கே தமிழ்ச் சனங்கள் பட்ட பாடு எங்கள் வீட்டுக்கு யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்தக் கோபம் நியாயம். ஆனால் எனக்குத் தெரிந்த ஒரு பெரியம்மா, வீட்டுக்காரர் அங்கே போய் இறந்தவர், எங்கே இறந்தார் என்று யாராவது கேட்டால் “பார்டரில்” என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றிவிடுவார். போ என்று மேலிடம் சொன்னது, அந்த மனுஷன் போனார். தான் புருஷனை இழந்த இடத்தின் பெயரைக்கூடச் சொல்ல முடியாமல் ஒரு பொம்பளை வயதாகிப் போனார். கொழும்புக்குப் பக்கத்தில் அவர்களுக்கு நினைவுச் சின்னம் இருக்கிறது, அந்த அம்மா அதைப் பார்த்ததில்லை.

இப்போது போரைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்ற கேள்விக்கு வருகிறேன். கூப்பிட்டால் போவார்கள், அதில் நமக்குப் பேச்சே இல்லை, கல்யாணம் கட்டும்போதே தெரிந்துதான் கட்டினோம். ஆனால் போர் வேண்டும் வேண்டும் என்று கத்துகிற சத்தம் ஒரு நாளும் பட்டாளத்துக் குடும்பங்கள் இருக்கிற லைன் வீடுகளிலிருந்து வந்து நான் கேட்டதில்லை. 2025 மே மாதம் 7-லிருந்து 10 வரைக்கும் பாகிஸ்தானோடு சண்டை நடந்த அந்த நாலு நாள் டிவி பார்த்தீர்களா? கராச்சித் துறைமுகத்தையே தரைமட்டமாக்கிவிட்டார்கள் என்று சில சேனல்களில் ஓடியது. அப்படி எதுவும் நடக்கவில்லை. அதைப் பார்த்துப் பட்டாசு வெடித்தவர்களும் உண்டு, அதைப் பார்த்து ராத்திரி முழுக்கத் தூங்காமல் உட்கார்ந்திருந்த பெண்களும் உண்டு. அதனால் தங்கச்சி, அந்த மாதிரி நேரத்தில் டிவியை அணைத்துவிடுங்கள். யூனிட்டிலிருந்து சேதி வரும், வந்தால் முறையாக வரும். வாட்ஸ்அப்பில் வருவது சேதி இல்லை. அவர் எங்கே இருக்கிறார், எப்போது நகர்கிறார் என்று சொந்தக்காரர்கள் குரூப்பில் போடவும் போடாதீர்கள், சித்தப்பா கேட்டாலும் சரி.

அடுத்தது, இந்தத் தியாகம் என்கிற பேச்சு. எனக்கு அதில் கொஞ்சம் கடுப்பு உண்டு. தியாகம் என்று சொல்லி ஒரு சால்வை போர்த்திவிட்டால் அப்புறம் யாரும் உதவி செய்ய வேண்டியதில்லை என்று ஆகிவிடுகிறது. போர் ஒரு வீட்டுக்குள் வரும்போது பாதி துக்கமாக வருகிறது, மீதி பாதி பேப்பராக வருகிறது. உதாரணத்துக்கு குடும்ப பென்ஷன். சண்டையில் போனால் கடைசியாக வாங்கிய சம்பளம் முழுசும், பணி காரணமாக வந்த விபத்து நோய் என்றால் 60 சதவீதம், அதுவும் இல்லை என்றால் 30. ஒரே ரோட்டில் ஒரே வாரத்தில் ஒருவர் ஷெல் விழுந்து போயிருப்பார், இன்னொருவர் பனியில் வண்டி சறுக்கிப் பள்ளத்தில் போயிருப்பார், பேப்பரில் இரண்டும் வேறு வேறு தலைப்பில் போகலாம். அந்தத் தலைப்பை ஒழுங்காக எழுத வைக்க ஒரு பெண் எத்தனை படி ஏறி இறங்க வேண்டும் தெரியுமா, கைக்குழந்தையை வைத்துக்கொண்டு, இந்தியில் ஒரு வார்த்தை தெரியாமல்? இன்னொரு விதி இருந்தது, வீரப் பதக்கத்துக்கு மாதா மாதம் வருகிற தொகை, விதவை மறுமணம் செய்தால் நின்றுவிடும், செத்துப்போனவரின் அண்ணனையோ தம்பியையோ கட்டிக்கொண்டால் மட்டும் தொடரும் என்று. 2017-ல்தான் அதை எடுத்தார்கள்! நம்ப முடிகிறதா?

எங்கள் பக்கம் ஒரு ரிட்டயர்டு ஹவில்தார் கிளார்க் இருந்தார். சாயங்காலம் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து இந்தப் பெண்களுக்கு மனு எழுதிக் கொடுப்பார், ஒரு டீக்கு மேல் எதுவும் வாங்க மாட்டார். பத்து வரியில் எழுத வேண்டியதை நாலு வரியில் எழுதுவார், “அழுது எழுதாதேம்மா, நம்பர் போட்டு எழுது” என்பார். அவர் மார்பில் பெரிய மெடல் ஒன்றும் கிடையாது.

ஆகவே யாராவது “ஓ, டிரைவரா” என்றால் கூச்சப்படாதீர்கள், ஆமாம் டிரைவர்தான், சோஜிலா எங்கே இருக்கிறது என்று தெரியுமா என்று திருப்பிக் கேளுங்கள். சோறு இறங்கவில்லை என்கிறீர்களே, அதற்கு என்னிடம் மருந்து கிடையாது, இத்தனை வருஷம் கழித்தும் அருவங்காட்டு கார்டைட் பேக்டரியில் டெஸ்ட் சத்தம் கேட்டால் எனக்கு ஒரு நிமிஷம் கை நின்றுவிடும். ஆனால் கைக்கு வேலை இருந்தால் கொஞ்சம் தேவலை. அதனால் ஒரு வேலை சொல்கிறேன். உங்கள் கல்யாணமும் பிள்ளை பிறந்ததும் பார்ட் டூ ஆர்டரில், அதாவது ராணுவப் பதிவில், ஏறியிருக்கிறதா என்று அவரிடம் கேளுங்கள். உங்கள் பெயர் ஆதாரில் ஒரு மாதிரி, ரெக்கார்டில் ஒரு மாதிரி இருக்கும், முக்கால்வாசிப் பேருக்கு இதுதான் தலைவலி, இனிஷியல் முன்னே பின்னே இருந்தாலே போதும். ஜாயின்ட் அக்கவுன்ட் இருக்கிறதா, நாமினி யார், கல்யாணத்துக்கு முன்னால் போட்ட பெயர் அப்படியே இருக்கிறதா, எல்லாம் பாருங்கள். புரியவில்லை என்றால் உங்கள் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குப் போங்கள், பெயர்தான் முன்னாள், பணியில் இருப்பவர் குடும்பமும் போய்க் கேட்கலாம். இதை எல்லாம் அவர் அடுத்த லீவில் வரும்போது உட்கார்ந்து முடித்துவிடுங்கள். வந்த அன்றைக்கே ஃபைலை எடுத்துப் போடாதீர்கள், ரெண்டு நாள் நன்றாகத் தூங்கட்டும்.