எந்த ஊரு லாட்டு?

வணக்கம் நேயர்களே. செயற்கை நுண்ணறிவு பற்றிப் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள், நான் தோலில் இருந்து ஆரம்பிக்கிறேன். தோல் தொழில் நடக்கிற ஆம்பூர், பேரணாம்பட்டு, ராணிப்பேட்டைப் பக்கம் கேட்கிறவர்களுக்கு ஏன் என்று சொல்ல வேண்டியதில்லை.

என் மாமா ஒரு டேனரியில், அதாவது தோல் பதனிடும் ஆலையில், தோல் தரம் பிரிக்கிற வேலையில் இருந்தார். குரோம் உப்பு போட்டுப் பதனிட்ட ஈரத் தோல், இளநீலமாக இருக்கும், மேசை மேல் விரிப்பார்கள். மேல்பக்கத்தைக் கையால் தடவுவார், புரட்டி அடிப்பக்கம் பார்ப்பார், சந்தேகம் என்றால் வெளிச்சத்தில் தூக்கிப் பிடிப்பார். உண்ணிக்கடி, முள் கீறல், அம்மைத் தழும்பு எல்லாம் சில நொடியில் தெரிந்துவிடும். ஆனால் கட்டைப் பிரிக்கும் முன்னாலேயே ஒன்று கேட்பார்: "எந்த ஊரு லாட்டுப்பா இது?" லாட்டு என்றால் ஒரே ஊரிலிருந்து மொத்தமாக வந்த தோல். தோலைப் பார்க்காமல் ஊரை எதற்குக் கேட்கிறார் என்று சின்ன வயதில் எனக்குச் சிரிப்பு வரும்.

பல வருஷம் கழித்து, கேமராவில் பார்த்துத் தோலில் என்ன குறை என்று சொல்கிற புரோகிராம் ஒன்றை நானே எழுதி, மாமாவைக் கூட்டி வந்து காட்டினேன். தோல் மேல் ஒரு தண்ணீர்ச் சொட்டு. 'ஓட்டை, 99 சதவீதம்' என்றது. மாமா விரலால் துடைத்தார், ஓட்டையைக் காணோம். "தப்பா சொன்னா பரவால்லப்பா, ஒரு சந்தேகம்கூட வரலியே அதுக்கு" என்றார். என் புரோகிராம் போல, உதாரணங்களைப் பார்த்துப் பழகுகிற நியூரல் நெட்வொர்க்குகளுக்கு இந்த வியாதி உண்டு, அவை காட்டும் சதவீதத்தை அப்படியே நம்பக் கூடாது.

சரி, ஒரு மனக்கணக்கு, பேனா வேண்டாம். ஆயிரம் தோலில் பத்துக்கு அம்மைத் தழும்பு என்று வையுங்கள். கேமரா அந்தப் பத்தில் ஒன்பதைப் பிடிக்கும், நல்ல தோலில் நூற்றுக்கு ஐந்தைத் தப்பாக ஒதுக்கும். நல்ல தோல் 990, அதில் தப்பாகப் போவது ஏறக்குறைய 50. ஆக ஒதுக்கியது 59, நிஜமாகக் கெட்டது 9! அதே கேமரா, அம்மை பரவின ஊர் லாட்டு, பாதிக்குப் பாதி கெட்டது என்றால்? கெட்ட 500-இல் 450-ஐப் பிடிக்கும், நல்ல 500-இல் 25-ஐத் தப்பாக ஒதுக்கும், ஆக ஒதுக்குகிற 475-இல் 450 சரி. கேமரா மாறவில்லை, ஊர்தான் மாறியது. மாமா ஊரைக் கேட்டது இதற்குத்தான், இதற்குத்தான் ஐயா!

இந்தக் கணக்குக்கு வழி போட்டவர் தாமஸ் பேயஸ் என்ற இங்கிலாந்துப் பாதிரியார், அவர் இறந்தபின் 1763-இல்தான் கட்டுரை அச்சானது. அதைக் கம்ப்யூட்டருக்குப் பழக்கினவர்களில் பெரிய ஆள் ஜூடியா பேர்ல், 1988-இல் புத்தகம், கம்ப்யூட்டர் துறையின் பெரிய விருதான டூரிங் விருது 2011-க்கு. கண் ஒன்று சொல்லும், முன்பே தெரிந்தது ஒன்று சொல்லும், இரண்டையும் எடைபோட வேண்டும்.

அப்புறம்... கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டுகிறார்கள், ஒரு நிமிஷம்தானாம். மாமா நல்லது, கெட்டது என்று இரண்டு அடுக்கு மட்டும் வைக்கவில்லை, ஓரமாக மூன்றாவதாக ஒரு சின்ன அடுக்கு இருக்கும், "காயட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்பார். எதை அங்கே போடுவது, எத்தனை தோல் வரை காத்திருக்கலாம் என்று இயந்திரத்துக்குச் சொல்லிக் கொடுப்பதுதான் இன்றைக்கு நான் பேச வந்ததே. வணக்கம்.