61 நாளும் மீதி நாளும்

நேயர்களுக்கு வணக்கம்.

ஏப்ரல் 15 வந்துவிட்டால் தமிழகத்தின் கிழக்குக் கடற்கரைத் துறைமுகங்களில் விசைப்படகுகள் வரிசையாகக் கட்டிக் கிடக்கும். ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், மொத்தம் 61 நாள். முன்பு 45 நாளாக இருந்ததை 2017இல் நீட்டினார்கள். மீன் முட்டையிட்டுப் பெருக வேண்டும் என்பதற்காகத்தான் இந்த ஏற்பாடு. வள்ளமும் கட்டுமரமும் அப்போதும் போகலாம். சந்தையில் விலை ஏறும், நாமும் முணுமுணுத்துக்கொண்டே வாங்குவோம்.

தடை தேவைதான். ஆனால் அதோடு கடலுக்குச் செய்ய வேண்டியது முடிந்தது என்று இருந்துவிடுகிறோமே, அதுதான் என் குறை.

ஜூன் 15க்குப் பிறகு, இழுவைப்படகு கரை சேரும் நேரத்தில் ஏலக்கூடத்துப் பக்கம் போய்ப் பாருங்கள். இறாலும் கணவாயும் ஐஸ் பெட்டிக்குள் போய்விடும். ஓரமாக இன்னொரு குவியல் கிடக்கும். விரல் நீளச் சங்கரா, நகத்தளவு நண்டு, பொடிக் கணவாய், எல்லாம் சேற்றோடு நசுங்கிப்போய். அதை மண்வெட்டியால் அள்ளிக் காயவைத்து, கோழித் தீவனத்துக்கும் மீன்மாவு ஆலைக்கும் அனுப்புவார்கள். தடைக்காலத்தில் இட்ட முட்டையிலிருந்து வந்த குஞ்சுகளும் அதில் இருக்கத்தான் செய்யும்.

எல்லாம் வலைக்கண்ணில் இருக்கிறது. இழுவை வலையின் கடைசிப் பையில் கண் 40 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது என்று தமிழ்நாட்டில் விதி உண்டு. அளவு சரியாக இருந்தாலும் போதாது. வழக்கமான கண் சாய்சதுரம். இழுக்கும்போது பாரத்தில் நீண்டு ஒடுங்கி மூடிக்கொள்ளும். சதுரக் கண் விரிந்தே நிற்கும், குஞ்சு நழுவிப் போய்விடும். கொச்சியில் இருக்கும் மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் இதைப் பல காலமாகச் சொல்லி வருகிறது.

சரி, மீனவர் ஏன் மாற்றுவதில்லை? டீசல் கடன் கழுத்தை நெரிக்கிறது. பக்கத்துப் படகுக்காரர் சின்னக் கண் போட்டு அள்ளும்போது இவர் மட்டும் விட்டுக்கொடுத்தால் நஷ்டம் இவருக்குத்தானே. அவரைத் திட்டிப் பயனில்லை.

கேரளம் 2015இல் வேறு வழியில் போனது. எந்த மீனை எந்த அளவுக்குக் கீழே பிடிக்கக் கூடாது என்று வரையறுத்தது. மத்திக்கு 10 சென்டிமீட்டர். எனக்கு இது பிடித்திருக்கிறது. நடுக்கடலில் ஒவ்வொரு வலையாக அளக்க எந்த அதிகாரியாலும் முடியாது. கரையில் கூடையைச் சோதிக்க ஒரு ஸ்கேல் போதும். அதே ஸ்கேலை மீன்மாவு ஆலையின் வாசலிலும் வைக்க வேண்டும். அந்தக் குவியலுக்கு அங்கேதான் விலை கிடைக்கிறது.

நன்றி, வணக்கம்.