நடுவில் ஒரு வரி

நேயர்களுக்கு வணக்கம். செல்போனில் புதிய செயலி ஏற்றும்போது நீளமாக ஓர் உடன்படிக்கை வரும். யார் படிக்கிறோம்? 'சம்மதம்' என்று தட்டிவிட்டுப் போகிறோம். பயன்படுத்துகிறவர் படிக்காவிட்டால் பரவாயில்லை. மென்பொருள் எழுதுகிறவர்களும் படிக்காமல் விட்டால்தான் வம்பு.

பெங்களூரில் நாங்கள் சில தமிழர்கள், ஆபீஸ் வேலை போக மிச்ச நேரத்தில், தமிழ்ச் சொற்பிழை திருத்தி ஒன்றைக் கட்டற்ற மென்பொருளாக, அதாவது யாரும் பயன்படுத்தலாம், மாற்றலாம், பகிரலாம் என்ற முறையில், உருவாக்கி வருகிறோம். வைட்ஃபீல்டில் ஒருவர், எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒருவர். நடுவில் சில்க் போர்டு சந்திப்பின் போக்குவரத்து நெரிசலுக்குப் பயந்து இணையத்தில்தான் கூடுவோம். இந்த மாதிரி வேலையில் பிறர் எழுதி வைத்ததை எடுத்துச் சேர்ப்பதே பாதி. சேர்ப்பது ஒவ்வொன்றுக்கும் ஓர் உரிமம் உண்டு. எம்ஐடி உரிமம் 'என் பெயரையும் இந்த வாசகத்தையும் எடுக்காதே, போதும்' என்கிறது. ஜிபிஎல் என்ற இன்னோர் உரிமமோ, 'மாற்றி வெளியிட்டால் உன்னுடையதையும் இதே உரிமத்தில் கொடு' என்கிறது. ஒன்றுமே எழுதாமல் விட்டிருந்தால்? இலவசம் என்று நினைக்கிறோம். இல்லை. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி உரிமை எழுதியவரிடமே இருக்கிறது.

இதையெல்லாம் கண்ணால் பார்த்துத் தீராது. அதனால் ஸ்கேன்கோட் என்ற கருவியைச் சேர்த்துக்கொண்டோம். அதுவும் பலர் கூடி வளர்க்கிற கட்டற்ற மென்பொருள்தான். உரிம வாசகங்களைத் தொகுத்து வைத்துக்கொண்டு, நம் கோப்புகளோடு ஒப்பிட்டு, எது எங்கே எவ்வளவு ஒத்துப்போகிறது என்று சொல்லும். 2017இல் லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலில் ஒவ்வொரு கோப்புக்கும் உரிமக் குறி போடுவதற்காக 60 ஆயிரத்துக்கும் மேற்பட்ட கோப்புகளை ஆராய்ந்தபோது இதற்கும் அதில் பங்கிருந்தது.

ஒப்பிடுவதில் என்ன பெரிய விஷயம் என்கிறீர்களா? மைக் கிடைத்தால் நான் சொல்லாமல் விடாத கதை ஒன்று. ஜேசான் உரிமம் என்று இருக்கிறது. ஜேசான் என்பது நிரல்கள் தகவல் பரிமாறிக்கொள்ளும் ஒரு வடிவம். அதை வடிவமைத்த டக்ளஸ் கிராக்ஃபோர்டு எழுதிய உரிமம் இது. பார்த்தால் அச்சு அசல் எம்ஐடி. நடுவில் ஒரே ஒரு வரி கூடுதல்: இதை நல்லதற்கே பயன்படுத்த வேண்டும், கெட்டதற்கு அல்ல. கேட்க நன்றாகத்தானே இருக்கிறது? ஆனால் எது நல்லது, அதை யார் தீர்மானிப்பது? அந்த ஒரு வரிக்காக, லினக்ஸை வெளியிடும் குழுக்களில் ஒன்றான டெபியன் இதைக் கட்டற்றது அல்ல என்று ஒதுக்கியது. கட்டற்ற மென்பொருள்கள் பலவற்றைப் பராமரிக்கும் அப்பாச்சி அறக்கட்டளையும் 2016இல் கூடாத பட்டியலில் வைத்துவிட்டது. ஒரே ஒரு வரி! நம் கண் முதல் வரியிலேயே 'ஓ, எம்ஐடி' என்று தாண்டிவிடும். கருவிக்கு அந்த அவசரம் இல்லை.

எங்களுக்கு அகப்பட்டது வேறு மாதிரி. கருவியின் அறிக்கையில் சொற்பட்டியல் கோப்பு ஒன்றுக்கு எதிரே உரிமம் காலி. திறந்து பார்த்தால் உச்சியில் அழகாகத் தமிழில், 'தமிழர் யாவரும் எடுத்துப் பயன்படுத்தலாம்'. கருவிக்குத் தமிழ் வாசகம் பிடிபடவில்லை, சரி. ஆனால் தமிழர் யாவரும் என்றால் எங்கள் குழுவில் இருக்கும் கன்னடக்காரப் பையன் என்ன செய்வான்? எழுதியவர் சேலத்தில் ஓய்வுபெற்ற ஆசிரியர். போன் செய்தேன். "ஏம்மா, எல்லாரும் எடுத்துக்கத்தானே போட்டேன், இதுக்குப் பத்திரம் வேற எழுதணுமா?" என்று சிரித்தார். அப்புறம், படைப்புகளைப் பகிர்வதற்கென்றே ஆயத்தமாக எழுதி வைத்திருக்கும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்களில் ஒன்றை அவரே படித்துத் தேர்ந்தெடுத்து மெயில் அனுப்பினார். இந்தப் போன் வேலையைக் கருவி செய்யாது.

நேரமாகிவிட்டது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். இந்தக் கருவியை உங்கள் மென்பொருள் வேலையில் சேர்க்கும் முறையை விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன், வேகமாகச் சொல்லிவிடுகிறேன். கருவி வந்த உடனே அதை வைத்து யாருடைய பங்களிப்பையும் தடுக்காதீர்கள். கொஞ்ச நாள் அறிக்கை மட்டும் வரட்டும். பொய் எச்சரிக்கை வரும். 'ஜிபிஎல் வேண்டாம்' என்று குறிப்பு எழுதியிருந்தாலும் ஜிபிஎல் என்று காட்டக்கூடும். அதைக் கருவி செய்பவர்களுக்கு எழுதுங்கள். அதன் விதிகள் வெறும் உரைக் கோப்புகள், நிரல் தெரியாதவரும் திருத்தலாம். உங்கள் கோப்புகளின் தலையில், எந்த உரிமம் என்று கருவிக்கும் புரியும்படி சுருக்கமாகச் சொல்லும் எஸ்பிடிஎக்ஸ் குறி ஒரு வரி போட்டுவிடுங்கள். எழுத்துரு உரிமம் பற்றிப் பேசுவது பாக்கி இருக்கிறது. இன்னொரு முறை கூப்பிட்டால் வருகிறேன். வணக்கம்.