பதினெட்டாவது பிரதிவாதி

நண்பர்களே, வணக்கம்.

சார்லஸ் டிக்கன்ஸின் 'ப்ளீக் ஹவுஸ்' நாவலைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். என் கையில் இருப்பது மறுபதிப்பு. தலைக்கு வைத்துப் படுக்கலாம், அவ்வளவு தடிமன். எழுத்து வேறு பொடி. ஆனாலும் வாங்குவதானால் முழுப் பதிப்பையே வாங்குங்கள், சுருக்கப் பதிப்பு வேண்டாம். காரணத்தை அப்புறம் சொல்கிறேன்.

67 அத்தியாயக் கதையையும் சொன்னால் நீங்கள் கடைசி பஸ்ஸை விட்டுவிடுவீர்கள். அதனால் ஒரே ஒரு ஆளைப் பிடித்துக்கொள்கிறேன். கிரிட்லி என்று பெயர், இங்கிலாந்தில் ஷ்ராப்ஷயர் பக்கத்து விவசாயி.

அவருடைய அப்பா ஓர் உயில் எழுதிவைத்துச் சாகிறார். பண்ணை, அம்மா இருக்கும்வரை அம்மாவுக்கு. அவளுக்குப் பிறகு கிரிட்லிக்கு. சகோதரனுக்கு 300 பவுண்டு. அம்மாவும் போய்ச் சேர்ந்த பிறகு சகோதரன் பணத்தைக் கேட்கிறான். "இத்தனை நாள் வீட்டில் தங்கிச் சாப்பிட்டாயே, அதில் கொஞ்சம் கழிந்துவிட்டது" என்கிறார் கிரிட்லி. தகராறு இவ்வளவுதான். உயில் செல்லாது என்று யாரும் சொல்லவில்லை. நம் ஊரில் நாலு பெரியவர்கள் திண்ணையில் உட்கார்ந்து ஒரு வேளைக்குள் பேசி முடிக்கிற விஷயம்.

சகோதரன் சான்சரி நீதிமன்றத்துக்குப் போகிறான். உயில், அறக்கட்டளை, மைனர் பிள்ளைகளின் சொத்து எல்லாம் லண்டனில் அங்கேதான் போகவேண்டும். இந்தச் சின்ன வழக்குக்குப் பதினேழு பேரைப் பிரதிவாதியாகச் சேர்க்கிறார்கள். இரண்டு வருஷம் கழித்து வழக்கு முதன்முறையாக எடுக்கப்படுகிறது. எடுத்த கையோடு இன்னும் இரண்டு வருஷம் நிறுத்திவைக்கிறார்கள். எதற்கு? கிரிட்லி அவருடைய அப்பாவுக்குப் பிறந்த பிள்ளைதானா என்று 'மாஸ்டர்' எனும் அதிகாரி விசாரிப்பதற்கு! அதில் யாருக்கும் சந்தேகமே கிடையாது. விசாரித்துவிட்டு அவர் கண்டுபிடித்தது இது: பிரதிவாதிகள் போதவில்லை, ஒருவர் விட்டுப்போயிருக்கிறார், அவரையும் சேர்த்து முதலிலிருந்து ஆரம்பியுங்கள். அதற்குள்ளேயே செலவு, தகராறுப் பணத்தைப்போல மூன்று மடங்கு.

இது கற்பனை என்று நினைக்கவேண்டாம். உண்மையில் நடந்த வழக்கிலிருந்து முக்கியமான எதையும் மாற்றவில்லை என்று டிக்கன்ஸ் முன்னுரையிலேயே எழுதியிருக்கிறார். ஏறக்குறைய இருபது வருஷமாக நடந்துகொண்டிருந்த இன்னொரு வழக்கில் 70,000 பவுண்டு செலவாகியும் அது முடிவை நெருங்கவில்லை என்பதும் அதே முன்னுரையில் உண்டு. தாண்டிப்போய்விடாதீர்கள்.

கிரிட்லி யாரிடம் போய்ச் சண்டை போடுவார்? எங்கே போய்க் கத்தினாலும் ஒரே பதில். தனி ஆளைக் குறை சொல்லாதே, சிஸ்டம் அப்படி. நாமும் எத்தனை கவுண்டரில் கேட்டிருக்கிறோம்! இந்த நாவலில் என்னைப் பிடித்து உலுக்கிய இடம் இதுதான். இதில் கெட்ட நீதிபதி கிடையாது. சான்சரியின் தலைமை நீதிபதியான சான்சலர் நேரில் வரும்போது மரியாதையாக, கனிவாகப் பேசுகிறார். வோல்ஸ் என்ற வக்கீலுக்கு மூன்று பெண் பிள்ளைகள், வயசான அப்பா. சட்டத்தைத் திருத்தினால் பாவம் அவர் பிழைப்பு என்ன ஆகும் என்று பெரிய மனிதர்கள் கவலைப்படுகிறார்கள். டிக்கன்ஸ் குத்துகிறார் பாருங்கள்: மனிதனை மனிதன் தின்பதைத் தடைசெய்தால் வோல்ஸ் குடும்பம் பட்டினி கிடக்குமே!

நாவலின் பெரிய வழக்கு ஜார்ண்டிஸ் எதிர் ஜார்ண்டிஸ். இதுவும் உயில் வழக்குதான். வண்டி வண்டியாகக் காகிதம். ஒவ்வொரு காகிதத்துக்கும் ஒவ்வொரு தரப்பும் நகல் வாங்கியாக வேண்டும். இல்லாவிட்டால் வாங்காமலே காசு கொடுக்கவேண்டும். யாருக்கும் அந்த நகல் தேவைப்படாததால் இரண்டாவதுதான் வழக்கம்.

டிக்கன்ஸுக்கு இதெல்லாம் கேள்விஞானம் இல்லை. பதினைந்து வயதில் வக்கீல் அலுவலகக் குமாஸ்தா, அப்புறம் நீதிமன்றத்தில் சுருக்கெழுத்தாளர். 1844-இல், 'கிறிஸ்துமஸ் கேரல்' கதையைத் திருடி அச்சிட்டவர்கள்மேல் இதே சான்சரியில் வழக்குப் போட்டு ஜெயித்தார். எதிராளிகள் திவால் என்று கையை விரித்துவிட்டார்கள். ஜெயித்தவர் தலையில் சுமார் 700 பவுண்டு செலவு.

இந்த நாவல்தான் சான்சரியைத் திருத்தியது என்று சிலர் சொல்வார்கள். அது கொஞ்சம் அதிகம். நாவல் வெளிவந்துகொண்டிருந்த 1852-லேயே சீர்திருத்தச் சட்டங்கள் வந்துவிட்டன, அந்த மாஸ்டர் பதவியை ஒழிக்கும் சட்டம் உட்பட. தனி நீதிமன்றமாக சான்சரி மறைந்தது 1875-இல்.

குறையும் உண்டு. கதையில் பாதியைச் சொல்லும் எஸ்தர், நல்லவள் நல்லவள் என்று நம்மைச் சோர்வடைய வைக்கிறாள். ஒரு கிழவர் குடித்துக் குடித்துத் தானாகவே தீப்பற்றிச் சாம்பலாகிறார். அது நடக்கும் என்று டிக்கன்ஸ் கடைசிவரை சாதித்தார், நான் நம்பவில்லை.

சரி, சுருக்கப் பதிப்பு ஏன் வேண்டாம்? இது 1852 மார்ச் முதல் 1853 செப்டம்பர் வரை மாதம் ஒரு ஷில்லிங் விலையில் வந்த தொடர்கதை. அந்த வாசகர்கள் தீர்ப்புக்காகப் பத்தொன்பது மாதம் காத்துக்கிடந்தார்கள். வாய்தா மேல் வாய்தா. அந்தக் காத்திருப்பை வெட்டிவிட்டால் ஜார்ண்டிஸ் வழக்கில் பங்கு வரும் என்று காத்திருக்கும் ரிச்சர்ட் என்ற பையன் ஏன் அழிகிறான் என்பதே புரியாது. நல்ல பையன். டாக்டருக்குப் படிக்கப் போகிறான், விடுகிறான்; சட்டம், விடுகிறான்; ராணுவம், அதையும் விடுகிறான். வழக்குதான் முடியப்போகிறதே, எதற்கு உழைக்கவேண்டும்?

கடைசியில் புது உயில் ஒன்று கிடைக்கிறது. அன்று நீதிமன்றத்திலிருந்து வெளியே வருபவர்களெல்லாம் ஏதோ பெரிய வேடிக்கை பார்த்ததுபோலச் சிரிக்கிறார்கள். கட்டுக்கட்டாகக் காகிதத்தைத் தூக்கிவந்து போடுகிறார்கள். வழக்கு முடிந்துவிட்டது. சொத்து முழுவதும் செலவிலேயே கரைந்துபோய்விட்டது. ரிச்சர்ட் அதற்குப் பிறகு பிழைக்கவில்லை.

மிஸ் ஃப்ளைட் என்ற கிழவியைப் பற்றிச் சொல்லாமல் விட்டுவிட்டேன். தினமும் நீதிமன்றத்துக்கு வருவாள், புத்தி கலங்கிப்போனவள். அறையில் கூண்டு கூண்டாகப் பறவைகள். நம்பிக்கை, இளமை, சாம்பல், ஆட்டுத்தோல் என்றெல்லாம் அவற்றுக்குப் பெயர். தீர்ப்பு வரும் நாளில் திறந்துவிடுவதாக இருக்கிறாள். ஆனால் வழக்கின் ஆயுசுக்கு முன்னால் பறவை ஆயுசு எம்மாத்திரம்? எல்லாம் செத்து, புதிது வாங்கி, அதுவும் செத்து, இப்படியே பல சுற்று. ரிச்சர்ட் செத்த அன்று இரவு அவள் அழுதுகொண்டே எஸ்தரிடம் வருகிறாள். எல்லாவற்றையும் திறந்துவிட்டுவிட்டேன் என்கிறாள்.