தடுப்பூசித் தழும்புக்குள் ஒரு பயணம்

(சென்னை சைதாப்பேட்டையில், மேல்நிலை வகுப்பு மாணவர்களுக்கும் அவர்களுடைய பெற்றோருக்கும் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம்.

முதலில் ஒரு சின்ன வேலை. வலது கையால் உங்கள் இடது தோளுக்குக் கொஞ்சம் கீழே தொட்டுப் பாருங்கள். பெரும்பாலானவர்களுக்கு அங்கே ஒரு சிறிய வட்டத் தழும்பு தட்டுப்படும். சிலருக்குப் பள்ளமாக, சிலருக்கு லேசான மேடாக. குழந்தையாக இருந்தபோது போட்ட பி.சி.ஜி. தடுப்பூசி விட்டுச்சென்ற அடையாளம் அது. காசநோய்க்கான அந்தத் தடுப்பூசியைத் தயாரிக்கும் ஆய்வகம் 1948-ல் தொடங்கப்பட்டது, இதோ பக்கத்தில் கிண்டியில்தான். இன்று மாலை முழுக்க நாம் அந்தத் தழும்பை விட்டு அதிகம் நகரப் போவதில்லை.

நான் பல வருடங்கள் விலங்கியல் பாடம் எடுத்தவன். செல்லின் படத்தைக் கரும்பலகையில் எத்தனை தடவை வரைந்திருப்பேன் என்று கணக்கே இல்லை. நடுவில் உட்கரு, சுற்றிலும் எண்டோபிளாச வலைப்பின்னல், ஓரமாகக் கோல்கை, அங்கங்கே மைட்டோகாண்ட்ரியா. அம்புக்குறி போட்டுப் பாகங்களைக் குறித்தால் ஐந்து மதிப்பெண். ஒரு நாள் ஒரு மாணவி எழுந்து, "சார், இதெல்லாம் எதுக்கு அப்புறம் எது?" என்று கேட்டாள். அந்தக் கேள்வி என்னை உலுக்கிவிட்டது. அதுவரை நான் நுண்ணுறுப்புகளை ஒரு பெயர்ப் பட்டியலாகத்தான் நடத்திக்கொண்டிருந்தேன். அவை ஒன்றுக்கு அடுத்து ஒன்றாக வேலை செய்பவை. ஒன்று முடித்துக் கொடுத்தால்தான் அடுத்தது தொடங்க முடியும். அந்த வரிசையைத் தெரிந்துகொள்ளாமல் படத்தை மட்டும் மனப்பாடம் செய்வதில் பயனில்லை என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

சரி, தழும்புக்கு வருவோம். அதில் பெரும்பகுதி கொலாஜன் என்ற புரதம். நம் உடம்பில் மிக அதிகமாக உள்ள புரதமும் அதுதான். தோல், எலும்பு, தசைநாண், ஈறு எல்லாவற்றுக்கும் பிடிமானம் கொடுப்பது அது. செருப்புத் தோலும் அதே கொலாஜன்தான். இதன் வடிவத்தைக் கண்டுபிடித்த கதையும் நம் ஊர்க் கதையே. 1952-ல் சென்னைக்கு வந்த பெர்னால் என்ற அறிவியலாளர், கொலாஜனின் அமைப்பு இன்னும் யாருக்கும் சரியாகப் பிடிபடவில்லை என்று ஜி.என். ராமச்சந்திரனிடம் சொன்னார். ராமச்சந்திரன் அப்போது சென்னைப் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் துறைக்குப் பொறுப்பேற்றிருந்த இளைஞர். அடையாறில் உள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து கொலாஜன் வாங்கி எக்ஸ் கதிர்ப் படம் எடுத்தார்கள். அவரும் அவரோடு ஆராய்ச்சி செய்த கோபிநாத் கர்த்தாவும் 1954-லும் 1955-லுமாக விடையை வெளியிட்டார்கள்: மூன்று சங்கிலிகள் ஒன்றோடொன்று முறுக்கிய கயிறு. மூன்று புரி வைத்துத் திரித்த தேங்காய் நார்க் கயிற்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு சங்கிலியிலும் மூன்றாவது இடம்தோறும் கிளைசின் வந்தாக வேண்டும். புரதச் சங்கிலியின் மணிகளான அமினோ அமிலங்களிலேயே மிகச் சிறியது அது. கயிற்றின் நடுவில் இருக்கும் இடுக்கில் வேறு எதுவும் அடங்காது. ஒரே ஒரு கிளைசின் இடம் மாறினாலும் எலும்பு எளிதில் முறியும் பிறவி நோய் வரலாம்.

இந்தக் கயிற்றை ஃபைப்ரோபிளாஸ்ட் என்ற செல் எப்படித் திரிக்கிறது? அதைப் பின்தொடர்ந்தால் நுண்ணுறுப்புகள் தாமாகவே வரிசையில் வரும்.

முதல் இடம் உட்கரு. சுமார் 2 மீட்டர் நீளமுள்ள டி.என்.ஏ. அதற்குள் மடங்கிக் கிடக்கிறது. தோலில் உள்ள முக்கியமான கொலாஜனுக்கு இரண்டு மரபணுக்கள் தேவை. ஒன்று 17-வது குரோமோசோமில், மற்றொன்று 7-வதில். மூலம் வெளியே போகாது. ஆர்.என்.ஏ. என்ற நகல்தான் எடுக்கப்பட்டு, உட்கரு உறையின் துளைகள் வழியாக வெளியேறும்.

வெளியே காத்திருப்பது ரைபோசோம். நகலைப் படித்து அமினோ அமிலங்களைக் கோப்பது அதன் வேலை. ரைபோசோமின் அமைப்பை அணு அணுவாக வரைந்து காட்டியதற்காக 2009-ல் நோபல் பரிசு பெற்ற மூவரில் ஒருவரான வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன் சிதம்பரத்தில் பிறந்தவர். கொலாஜனின் ஒரு சங்கிலியில் முதலில் 1464 அமினோ அமிலங்கள் இருக்கும். நொடிக்கு ஐந்தாறு என்று கோத்தாலும் ஒரு சங்கிலி முடிய நான்கைந்து நிமிடம் ஆகும். சங்கிலியின் தொடக்கத்தில் முகவரி போல ஒரு துண்டு இருக்கிறது. அது வெளியே எட்டிப் பார்த்ததுமே ரைபோசோம் போய் எண்டோபிளாச வலைப்பின்னலின் மேல் ஒட்டிக்கொள்ளும். சொரசொரப்பான வலைப்பின்னல் என்று படிக்கிறோமே, அந்தச் சொரசொரப்பு இப்படி வந்து ஒட்டிய ரைபோசோம்களால் வந்தது.

சங்கிலி வலைப்பின்னலுக்குள் நுழைந்த பிறகு நடப்பதை நான் கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டும். மூன்று சங்கிலிகளைச் சும்மா சேர்த்து முறுக்கினால் அந்தக் கயிறு 37 டிகிரி உடல் சூட்டில் நிற்காது, பிரிந்துவிடும். அதனால் சங்கிலியில் உள்ள புரோலின் என்ற அமினோ அமிலங்கள் பலவற்றில் ஓர் ஆக்சிஜனைச் சேர்த்து ஹைட்ராக்சிபுரோலினாக மாற்றுகிறது அங்குள்ள ஒரு நொதி. அந்த நொதியின் மையத்தில் ஓர் இரும்பு அணு. வேலை செய்யும்போது சில சமயம் அந்த இரும்பு, துரு ஏறியது போல, பயன்படாத நிலைக்குப் போய்விடும். அதைப் பழைய நிலைக்குக் கொண்டுவருவது வைட்டமின் சி.

பெரும்பாலான விலங்குகள் வைட்டமின் சி-யைத் தாமே செய்துகொள்ளும். நம்மால் முடியாது. அதற்கான மரபணு நம்மிடம் பழுதாகிக் கிடக்கிறது. சாப்பிட்டுத்தான் ஆக வேண்டும். மாதக்கணக்கில் கடலில் போன மாலுமிகளுக்கு ஈறு வீங்கி இரத்தம் கசிந்தது, பல் ஆடியது, எப்போதோ ஆறிய பழைய புண்களின் தழும்பு மறுபடி திறந்துகொண்டது. ஸ்கர்வி என்று பெயர். 1747-ல் ஜேம்ஸ் லிண்ட் என்ற கப்பல் மருத்துவர் 12 நோயாளிகளை இரண்டிரண்டு பேராகப் பிரித்து வெவ்வேறு பொருள் கொடுத்துப் பார்த்தார். ஆரஞ்சும் எலுமிச்சையும் சாப்பிட்ட இருவரும் சீக்கிரம் தேறினார்கள். ஏன் என்பது அவருக்குத் தெரியாது. வலைப்பின்னலுக்குள் இருக்கும் அந்த இரும்பு அணு வரை போய்ப் பார்க்க இன்னும் இருநூறு வருடம் தேவைப்பட்டது.

ஆறிய தழும்பு திறந்துகொண்டது என்பதை யோசித்துப் பாருங்கள். உங்கள் தோளில் இருக்கும் தழும்பு என்றைக்கோ கட்டி முடித்த சுவர் அல்ல. அங்கே கொலாஜன் கரைந்துகொண்டும் புதிதாக வந்துகொண்டும் இருக்கிறது. வரத்து நின்றால் தழும்பு தாங்காது. ஈறுப் பகுதியில் இந்த மாற்றம் இன்னும் வேகமாக நடப்பதால்தான் குறைபாடு அங்கே சீக்கிரம் தெரிகிறது. பெற்றோருக்கு ஒரு வார்த்தை: நெல்லிக்காயும் கொய்யாவும் சந்தையில் மலிவாகக் கிடைக்கும்போது வாங்கிக் கொடுங்கள்.

மைட்டோகாண்ட்ரியாவை மறந்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள். அது எல்லாக் கட்டத்திலும் கூடவே இருக்கிறது. ஓர் அமினோ அமிலத்தைச் சேர்க்க செல் ஆற்றலைச் சேமித்து வைக்கும் உயர் ஆற்றல் பாஸ்பேட் பிணைப்புகள் நான்கு செலவாகும். 1464-ஐ நான்கால் பெருக்குங்கள், 5856. ஒரே ஒரு சங்கிலிக்கு! அது மட்டுமில்லை. புரோலினை மாற்றும் அந்த நொதிக்கு ஆல்ஃபா கீட்டோகுளுட்டாரேட் என்ற பொருளும் வேண்டும். அது மைட்டோகாண்ட்ரியாவுக்குள் சுழலும் கிரெப்ஸ் சுழற்சியில் வருகிற பொருள். "ஆற்றல் நிலையம்" என்று ஒரு வரியில் எழுதிவிட்டுப் போகிறோம். அது மின்சாரமும் தருகிறது, சரக்கும் தருகிறது.

கயிறு தயார். இப்போது ஒரு சிக்கல். வலைப்பின்னலிலிருந்து கோல்கைக்குப் புரதங்கள் சிறு பைகளில் போகும். வழக்கமான பையின் அகலம் 60 முதல் 90 நானோமீட்டர். கொலாஜன் கயிறோ 300 நானோமீட்டர் நீளம், வளையாமல் விறைப்பாக நிற்பது. ஆட்டோவுக்குள் நீளமான ஏணியை ஏற்றுகிற மாதிரி. வெளியேறும் வாசலில் டேங்கோ1 என்ற ஒரு புரதம் நின்றுகொண்டு, பை அவசரமாக மூடிக்கொள்ளாமல் வாயைப் பெரிதாக்கிக் கொடுக்கிறது.

கோல்கை என்ற பெயர் இத்தாலியைச் சேர்ந்த கமிலோ கோல்கியுடையது. 1898-ல் ஆந்தையின் நரம்புச் செல்லில் வெள்ளிச் சாயம் ஏற்றி அவர் அந்த வலையைக் கண்டார். அது உண்மையான உறுப்பா, சாயம் செய்த மாயமா என்ற சண்டை அரை நூற்றாண்டு ஓடியது. எலக்ட்ரான் நுண்ணோக்கி வந்துதான் தீர்த்தது. அடுத்தடுத்து அடுக்கிய தட்டையான பைகள் அவை. சரக்கு ஒரு தட்டிலிருந்து இன்னொரு தட்டுக்கு எப்படித் தாவுகிறது? சின்னப் பைகளில்தான் என்று பலர் நம்பினார்கள். சரியாக நூறு வருடம் கழித்து, 1998-ல், கொலாஜனை வைத்தே அதைச் சோதித்தார்கள். சின்னப் பையில் அடங்காத கொலாஜன், தான் இருந்த தட்டை விட்டு இறங்காமலே கோல்கையைக் கடந்து போனது. அப்படியென்றால் தட்டே முன்னால் நகர்கிறது, போகப் போக முதிர்கிறது. நான் படித்த காலத்தில் யாரும் எனக்கு இதைச் சொல்லவில்லை. பிறகு படித்துத் தெரிந்துகொண்டபோது அன்று இரவு தூக்கம் வரவில்லை.

கயிற்றின் இரண்டு முனைகளிலும் தொப்பி போலக் கூடுதல் துண்டுகள் உண்டு. அவை இருக்கும் வரை கயிறுகள் ஒன்றோடொன்று சேர்ந்து கட்டியாகாது. செல்லை விட்டு வெளியேறுகிற நேரத்தில்தான் அவை வெட்டப்படுகின்றன. அதன் பிறகு கயிறுகள் பக்கம் பக்கமாகப் படிந்து தடித்த இழையாகும். அந்த இழைகளைத்தான் இப்போது தொட்டுப் பார்த்தீர்கள்.

கடைசியாக லைசோசோம். சரியாக முறுக்காத கயிறுகளும், வெளியிலிருந்து செல் விழுங்கிய பழைய இழைத் துண்டுகளும் அங்கே வந்து சேரும். உள்ளே பி.எச். 5-க்கும் கீழே, நல்ல புளிப்பு. லைசோசோமுக்கு வெளியே, செல்லின் மற்ற பகுதியில் 7.2. அந்தப் புளிப்பில்தான் அதன் நொதிகள் முழு வேகத்தில் வேலை செய்யும். உறை கசிந்தாலும் செல்லுக்கு உடனே ஆபத்து வராமல் அந்த வித்தியாசமே ஓரளவு காக்கிறது. கொலாஜன் அங்கே அமினோ அமிலங்களாக உதிரும். கிளைசினும் புரோலினும் வெளியே வந்து மறுபடி ஏதாவது ஒரு ரைபோசோமுக்குப் போகலாம். ஹைட்ராக்சிபுரோலினுக்கு மட்டும் அந்த வழி இல்லை. அதற்கென்று மரபுக் குறியீட்டில் சொல்லே கிடையாது. அது வலைப்பின்னலுக்குள் உருவானது, ரைபோசோம் அதை ஏற்றுக்கொள்ளாது. உடம்பு அதைச் சிதைத்துவிடும், ஒரு பங்கு சிறுநீரில் வெளியேறும். எலும்பு எவ்வளவு கரைகிறது என்று அறிய மருத்துவர்கள் ஒரு காலத்தில் சிறுநீரில் அதை அளந்து பார்த்ததும் அதனால்தான்.

இப்போது நீங்கள் கேளுங்கள். பின்வரிசையில் இருக்கிற தம்பி ரொம்ப நேரமாகக் கையைத் தூக்கிக்கொண்டிருக்கிறார், அவரிடமிருந்தே தொடங்கலாம்.