எதைப் படிக்காமல் விடுவது?

அவையோருக்கு வணக்கம்.

மேலோட்டமாகப் படிப்பதை வகுப்பில் கற்றுக்கொடுக்க வேண்டும் என்று சொன்னாலே ஆசிரியர்கள் பலர் முகம் சுளிக்கிறார்கள். பிள்ளைகள் ஏற்கெனவே நுனிப்புல்தான் மேய்கிறார்கள், அதற்குப் பாடவேளை வேறு ஒதுக்க வேண்டுமா என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் எதைத் தாண்டிப் போகலாம், எங்கே நின்று நிதானமாகப் படிக்க வேண்டும் என்பது அந்தப் பிள்ளைகளுக்குத் தெரியாது. தெரியாததைத்தானே கற்றுக்கொடுக்க வேண்டும்?

நான் இரண்டு திறன்களைப் பற்றிப் பேசுகிறேன். ஒன்று மேலோட்ட வாசிப்பு: இந்தப் பக்கம் எதைப் பற்றியது, எழுதியவர் என்ன சொல்ல வருகிறார் என்று சுருக்கமாகப் பிடித்துக்கொள்வது. மற்றொன்று தேடல் வாசிப்பு: கேள்வி முன்பே கையில் இருக்கிறது, அதற்கு விடை இருக்கும் இடத்தை மட்டும் தேடுவது. அகராதியையும் கால அட்டவணையையும் யாரும் முதல் வரியிலிருந்து படிப்பதில்லை. பாடநூலை மட்டும் ஏன் எப்போதும் அப்படியே படிக்க வேண்டும்?

ஒரு தவறான எண்ணத்தை முதலில் அகற்றிவிடுகிறேன். இவை வேக வாசிப்பு வித்தைகள் அல்ல. படிக்கும்போது கண் வரியின் மேல் வழுக்கிக்கொண்டு போவதில்லை. தாவித் தாவி நிற்கிறது. இதை 19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே எமீல் ஜவால் என்ற பிரெஞ்சுக் கண் மருத்துவர் எழுதிவிட்டார். ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் ஏறக்குறைய கால் நொடி ஆகிறது. வேக வாசிப்பு பற்றிய ஆய்வுகளை கீத் ரேனரும் உடன் பணியாற்றியவர்களும் 2016-இல் தொகுத்துப் பார்த்தபோது, வேகத்தைக் கூட்டினால் புரிதல் குறைகிறது என்பதே தெரிந்தது. நிமிடத்துக்கு ஆயிரம் சொற்கள் என்று விளம்பரம் செய்பவர்களை நம்பிப் பணம் கட்டாதீர்கள். மேலோட்ட வாசிப்பில் நேரம் மிச்சமாவதற்குக் காரணம், சிலவற்றைத் தெரிந்தே படிக்காமல் விடுவதுதான். அந்தத் தேர்வுதான் திறமை.

வகுப்பில் இதை எப்படி நடத்துவது? பனாமா கால்வாயைப் பற்றி ஒரு பக்கம் கொடுக்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1881-இல் பிரெஞ்சுக்காரர்கள் வெட்டத் தொடங்கினார்கள். மலேரியாவும் மஞ்சள் காய்ச்சலும் தொழிலாளர்களை வாரிக்கொண்டு போயின, பணமும் கரைந்தது, 1889-இல் அந்த நிறுவனம் நொடித்துப்போனது. 1904-இல் அமெரிக்கா பணியைக் கையில் எடுத்தது. நோயைப் பரப்புவது கொசு என்பது அதற்குள் தெரிந்துவிட்டதால், முதலில் கொசுவை ஒடுக்கினார்கள். 1914-இல் கால்வாய் திறக்கப்பட்டது.

இப்போது கேள்வி: கால்வாய் எந்த ஆண்டு திறக்கப்பட்டது? பிள்ளையின் கண் இலக்கங்களைத் தேடிப் பாய்கிறது. முதலில் அகப்படுவது 1881. எழுதிவிடுகிறான். தேடியது சரி, கண்டதும் நின்றதுதான் பிழை. ஆகவே இலக்கத்தின் மேல் விரலை வைக்கச் சொல்லுங்கள். அந்த வாக்கியத்தை முழுதாகப் படித்த பிறகே எழுத வேண்டும் என்று விதி வையுங்கள். தேடல் வாசிப்பின் பாதி வேலை தேடுவது, மறுபாதி சரிபார்ப்பது.

மேலோட்ட வாசிப்புக்கு அதே பக்கத்தில் தலைப்பை மறைத்துவிட்டு, ஒரு நிமிடம் கொடுத்து, புதுத் தலைப்பு வைக்கச் சொல்லலாம். ‘பனாமா கால்வாய் வரலாறு’ என்று எழுதுபவனைத் தவறு என்று சொல்ல முடியாது. ஆனால் அதை எழுத முதல் வரியே போதும். ‘கால்வாயை நிறுத்திய கொசு’ என்று எழுதுபவளோ பக்கத்தின் மையத்தைத் தொட்டுவிட்டாள். இந்த ஒரு பயிற்சி, பத்து ஒருமதிப்பெண் வினாக்களைவிட அதிகம் காட்டிக்கொடுக்கும்.

இனி நமக்கே உரிய சிக்கலுக்கு வருகிறேன். இந்தத் திறன்களுக்கான குறிப்புகள் பெரும்பாலும் ஆங்கில வாசிப்பை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. பெயரைத் தேட வேண்டுமா, பெரிய எழுத்தைப் பார் என்பார்கள். தமிழில் பெரிய எழுத்து ஏது? ‘என்பவர்’, ‘எனப்படும்’, ‘என்னும்’ போன்ற சொற்களுக்கு முன்னால் பார் என்றுதான் நாம் சொல்ல வேண்டும். சொல்லின் உருவமும் ஒரே மாதிரி இருப்பதில்லை. ‘ஆறு’ என்று தேடுகிற பிள்ளையின் கண் ‘ஆற்றின்’, ‘ஆற்றங்கரை’ ஆகியவற்றைத் தாண்டிப் போய்விடும். (எண் ஆறு வந்து ஏமாற்றுவது தனிக் கதை.) தேடத் தொடங்கும் முன் அந்தச் சொல் எந்தெந்த வடிவங்களில் வரலாம் என்று கரும்பலகையில் எழுதிப் பாருங்கள், இலக்கணமும் அங்கேயே பயன்பட்டுவிடும்.

இதைவிடப் பெரிய கண்ணி வாக்கியத்தின் கடைசியில் இருக்கிறது. “இந்த மருந்து எல்லா வயதினருக்கும் பாதுகாப்பானது என்று கூறுவதற்குச் சான்று இல்லை.” இதில் முதல் பாதியை மட்டும் பார்த்துவிட்டுத் தாவுகிறவன் நேர் எதிரான செய்தியோடு போகிறான். தமிழில் ‘இல்லை’யும் ‘முடியாது’ம் ‘கூடாது’ம் பெரும்பாலும் இறுதியில்தான் வருகின்றன. பத்தியின் முதல் வாக்கியத்தை மட்டும் பார்த்தால் போதும் என்ற அறிவுரையை நான் அரைமனத்தோடுதான் ஏற்பேன். முதல் வாக்கியத்தையும் கடைசி வாக்கியத்தையும் முழுதாகப் படிக்கட்டும். இடையில் ‘ஆனால்’, ‘எனினும்’, ‘மாறாக’ தென்பட்டால் அங்கே நிற்கட்டும்.

கேள்வி முதலில், வாசிப்பு பிறகு. இது புதிதல்ல, 1946-இல் பிரான்சிஸ் ராபின்சன் மாணவர்களுக்கு வகுத்துத் தந்த படிப்பு முறையிலும் முதலில் நோட்டமிடுவது, அடுத்துக் கேள்வி எழுப்புவது, மூன்றாவதுதான் படிப்பது. நாமோ பத்தியை முழுக்கப் படிக்கவைத்துவிட்டுக் கேள்விகளைக் கடைசியில் காட்டுகிறோம்.

கவிதைக்கு இப்படித் தாண்டிப் படிப்பது உதவாது. கணக்கு வினாவுக்கும் உதவாது. அங்கே ஒரு சொல்லைத் தாண்டினால் கணக்கே மாறிவிடும். ஆகவே படிக்கத் தொடங்கும் முன், ‘இதை எந்த முறையில் படிப்பாய், ஏன்?’ என்று கேட்டுப் பழக்குங்கள்.

எழுத்துக் கூட்டிப் படிக்கும் நிலையில் உள்ள பிள்ளையிடம் இதைத் திணிக்காதீர்கள். சொல்லைப் பார்த்ததும் அடையாளம் காண முடியாதவனால் தாவவும் முடியாது. தாவினால் ஊகித்து எழுதுவான், அந்த ஊகம் சில வேளைகளில் சரியாகவும் இருந்து நம்மை ஏமாற்றும். அவனுக்கு நாள்தோறும் சிறிது நேரம் வாய்விட்டுப் படிக்கும் பயிற்சி கொடுங்கள். கடிகாரம் வைத்து நடத்தும் பயிற்சிகளில் அவன் பிறகு சேர்ந்துகொள்ளட்டும்.